கீழத்தெருப் பிணங்கள் நடந்துபோன காலம்

பூவத்தாங்குடி ஊராட்சியில் கீழத்தெருப் பிணங்கள் தாமாகவே எழுந்து சுடுகாட்டுக்கு நடந்துபோகத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதத்தில்தான். அதுவரைக்கும் அந்தத் தெருக்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களைப்போல நாலு பேர் தோளில்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். தோளில் போனார்கள் என்றதும் ஏதோ மேளதாளத்தோடு ராஜபாட்டையில் போனார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே போக இரண்டு வழி. ஒன்று பெரியதெரு, தார் போட்ட ரோடு, கோயிலைத் தாண்டிப் பாலத்தைத் தாண்டி செருப்பில் சேறு படாமல் போய்விடலாம். மற்றது வரப்பு, வாய்க்கால், மறுபடியும் வரப்பு. கீழத்தெருப் பிணம் பெரியதெரு வழியாகப் போகக் கூடாது என்று யாரும் எங்கேயும் சட்டம் போட்டு வைக்கவில்லை, பெரியதெருக்காரர்கள் அப்படி முரட்டுத்தனமாகப் பேசுகிறவர்களும் இல்லை. கோயிலுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது என்பார்கள், காப்பு அவிழ்த்தாயிற்றே என்றால் முகூர்த்த நாள் என்பார்கள், முகூர்த்தமும் முடிந்துவிட்டது என்றால் பிள்ளைகளுக்குப் பரீட்சை, பார்த்தால் பயந்துகொள்ளும் என்பார்கள். வெயில் காலத்தில் வரப்பில் எப்படியோ போய்விடலாம். மழைக்காலத்தில் மார்பளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், ஒருவனுக்குக் கால் வழுக்கினால் பிணத்தோடு சேர்ந்து எல்லோரும் முழுக வேண்டியதுதான்.

அந்த ஐப்பசியில் நடவுக்காரி மாரிக்கண்ணு செத்துப்போனாள். வாய்க்கால் உடைத்துக்கொண்டு வயலும் வரப்பும் ஒரே வெள்ளமாகக் கிடந்தது. பாடையைப் பெரியதெரு முனையில் இறக்கி வைத்துவிட்டு, கீழத்தெருவின் வார்டு உறுப்பினர் செங்கமலம் ஊராட்சித் தலைவர் கோவிந்தராசுவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

“ஐயா, இந்த ஒரு தடவ விட்டுருங்க. வரப்பு எங்க இருக்குன்னே தெரியல. தூக்குறவங்க உசுருக்கு யாரு பொறுப்பு?”

“நானா வேணாங்குறேன், செங்கமலம்? சஷ்டிக்குக் காப்புக் கட்டிருக்கே. நாளைக்கு ஊர்ல ஒண்ணுன்னா என்னையத்தான கேப்பாங்க. தண்ணி கொஞ்சம் வடியட்டும்.”

தலைவர் வருத்தமாகத்தான் சொன்னார். எதையும் வருத்தமாகச் சொல்லுகிற வழக்கம் அவருக்கு உண்டு, அதனால்தான் அவரை மறுபடி மறுபடி ஜெயிக்க வைத்தார்கள். பேச்சும் நீண்டது, மழையும் நீண்டது, தூக்கி வந்தவர்கள் பல் கிட்டிப்போய் நின்றார்கள். அப்போது பாடையில் கிடந்த மாரிக்கண்ணு எழுந்து உட்கார்ந்தாள். நெற்றிக் காசைப் பிய்த்துப் பாடையின் ஓரத்தில் வைத்தாள், குனிந்து கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள், நடவுக்கு இறங்கும்போது செய்கிற மாதிரியே சேலையை வாரிச் செருகிக்கொண்டு இறங்கி, ஒருவரையும் பார்க்காமல் வெள்ளத்துக்குள் நடந்தாள். எல்லோரும் அவள் பின்னாலேயே போனார்கள். வாய்க்காலை அவள் எங்கே கடந்தாளோ அங்கே கடந்தார்கள். சுடுகாட்டுக் கொட்டகையில் அடுக்கியிருந்த விறகின்மேல் ஏறி, தெற்கே தலை வைத்துப் படுத்து, அவளே கண்ணை மூடிக்கொண்டாள். கொள்ளி வைப்பதைத் தவிர மற்றவர்களுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

“எங்க அம்மா அப்புடித்தான். தன்னால ஒருத்தருக்குத் தொந்தரவுன்னா அதுக்குப் பொறுக்காது,” என்று அவள் மகள் சொல்லி அழுதாள். அது சரியாகத்தான் பட்டது. யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

அடுத்துச் செத்தவனும் நடந்தான், அதற்கடுத்துச் செத்தவளும் நடந்தாள், வெயில் காலம் வந்து வரப்பு காய்ந்த பிறகும் நடந்தார்கள், பூச்சிமருந்து குடித்துச் செத்த பையன்கூட வாயில் நுரையோடு எழுந்து நடந்தான். எதற்கும் பழகிக்கொள்வதில் மனிதரை மிஞ்ச ஆளில்லை. பாடை கட்டுகிறவனுக்கு வேலை போனது, அவன் கூரை வேய்கிற வேலைக்குப் போனான். பிணத்தின் நடைக்கு ஈடுகொடுத்து அடிக்க முடியாமல் பறைக்காரர்கள் மூச்சு வாங்கினார்கள், பிறகு அவர்களைக் கூப்பிடுவதும் நின்றது. செத்தவர்கள் வெளியூர்ச் சொந்தங்களுக்காகக் காத்திருப்பதில்லை என்பது மட்டும் கொஞ்ச நாள் சங்கடமாக இருந்தது. திருப்பூரிலிருந்து பஸ் இறங்கி ஓடிவந்த ஒருவன் வரப்பிலேயே தன் அப்பாவை எதிரில் பார்த்தான், அவர் அவனைத் தாண்டிப் போனார், அவன் பையைத் தோளில் மாட்டியபடியே திரும்பி அவர் பின்னால் நடந்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளிடம், வரப்பில் யாராவது அப்படி வந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். பெரியதெருப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். நம் ஆட்களுக்குத்தான் வண்டி சொல்ல வேண்டும், பூ கட்ட வேண்டும், ஆள் பிடிக்க வேண்டும், அவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றார்கள். பக்கத்து ஊராட்சித் தலைவர் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து, உங்கள் ஆட்கள் இதை எப்படி ஆரம்பித்தார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். தன் ஊர்க் காலனியில் போய், பூவத்தாங்குடியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினாராம். அங்கே பிணங்கள் அசையவில்லை என்று கேள்வி.

இதற்கெல்லாம் நடுவில்தான் சுடுகாட்டுப் பாதை விவகாரம் மன்றக் கூட்டத்துக்கு வந்தது. செங்கமலம் தேர்தலில் நின்றதே அந்தப் பாதைக்காகத்தான். வரப்பை அகலமாக்கி, கப்பி போட்டு, வாய்க்காலுக்குக் குறுக்கே குழாய் பதித்துச் சின்னதாக ஒரு பாலம் கட்டினால் போதும், பெரியதெருவை யாரும் கேட்கப்போவதில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டு, கிராம சபைக்குக் கிராம சபை எழுந்து நின்று, கடைசியில் சர்வேயர் வந்து அளந்து, கப்பியும் வந்து ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது. குடிநீர்த் தொட்டி கழுவுவது, எரியாத தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு எல்லாம் பேசி முடித்து, மிக்சரும் டீயும் வந்த பிறகு, ஊராட்சிச் செயலர் குணசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். இறந்தவர்கள் தாங்களாகவே சென்றுவிடுவதால் மேற்படி பாதைக்கு அவசியம் இல்லை எனவும், வந்துள்ள கப்பியைக் கோயில் வளைவுப் பணிக்குப் பயன்படுத்தலாம் எனவும் மன்றம் கருதுகிறது.

செங்கமலம் டீயைக் கீழே வைத்தாள். “பாதை இல்லாததாலதான் தலைவரே அவங்க நடக்குறாங்க.”

“நடக்கச் சொல்லி யாராச்சும் சொன்னமா? நீயே சொல்லு,” என்றார் தலைவர். “ஒருத்தர் வாயிலேருந்து அப்புடி ஒரு வார்த்த வந்துருக்கா?”

வந்ததில்லைதான். மற்ற உறுப்பினர்கள் மிக்சரில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாள், அது இல்லாமலே தீர்மானம் நிறைவேறியது. பெரியதெரு முனையில் வளைவு அழகாகத்தான் வந்தது, இரண்டு பக்கமும் மயில் வைத்தார்கள்.

இத்தோடு அவள் ஓய்ந்துகூடப் போயிருப்பாள். சின்னப்பன் செத்தான். பெரியதெருப் பண்ணைகளில் அறுபது வருஷம் மாடு கட்டி, ஏர் ஓட்டி, கொல்லை காத்தவன். அவன் எழுந்து வரப்பில் போய்க்கொண்டிருந்தபோது செங்கமலம் மற்றவர்களோடு பின்னால் போனாள். எதிரே பெரியதெருப் பால்காரப் பையன் மோட்டார் சைக்கிளில் கேனோடு வந்தான். அவன் ஹாரன்கூட அடிக்கவில்லை. சின்னப்பன் வண்டியைப் பார்த்ததும் வரப்பிலிருந்து சேற்றில் இறங்கினான், மூக்கில் பஞ்சோடும் வாயில் அரிசியோடும் இறங்கினான், தோளில் போட்டிருந்த கோடித்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, வண்டி தாண்டிப்போகும்வரைக்கும் தலையைக் குனிந்து நின்றான். வண்டி போனதும் மறுபடி ஏறி நடந்தான். மற்றவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவன் காலமெல்லாம் அப்படித்தானே நின்றான். செங்கமலம் மட்டும், செத்த பிறகும் ஒதுங்க வேண்டுமா, செத்த பிறகுமா என்று வீடு வரும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் கயிற்றுக்கட்டிலில் அவள் புருஷன் தங்கையன் கிடந்தான். கீழத்தெருவில் ஒரு காலத்தில் எந்தப் பாடைக்கும் முன்பக்கத்து வலது தோள் அவனுடையதுதான். வெள்ளத்தில் முதலில் இறங்கி ஆழம் பார்த்துக் குரல் கொடுக்கிறவனும் அவன்தான். சர்க்கரை நோயில் விரல் கறுத்து, பாதம் கறுத்து, கடைசியில் முழங்காலோடு வலது காலை எடுத்துவிட்டார்கள். பிள்ளை குட்டி இல்லை. அவள் சின்னப்பன் ஒதுங்கி நின்றதைச் சொன்னாள். அவன் கையூன்றி எழுந்து உட்கார்ந்தான்.

“இந்தா புள்ள. என்னைய நடக்க விட்டுறாத.”

“ஒத்தக் கால வச்சிக்கிட்டு எங்க நடக்கப் போறீங்க?”

“அது நடக்க வச்சிரும் புள்ள. நொண்டிக்கிட்டாவது போவச் சொல்லும். சின்னப்பன் மட்டும் தெரிஞ்சா ஒதுங்குனான்? நான் எத்தன பேரத் தூக்கிருக்கேன்? தோள்ல காய்ச்சிப்போனத நீ பாத்துருக்கல்ல? எனக்கு நாலு தோள் வராதா?”

“வரும். நான் கொண்டாறேன்,” என்றாள் அவள். அவனுக்கு அவள் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

கார்த்திகைத் தொடக்கத்தில், மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தபோது தங்கையன் செத்தான். செங்கமலம் அழுது முடித்துவிட்டு வீடு வீடாகப் போனாள். எனக்கு நாலு ஆள் வேண்டும், பெரியதெரு வழியாகத் தூக்கிப் போக வேண்டும் என்று கேட்டாள். யாரும் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லவில்லை. தோள் வலி என்றான் ஒருவன். தூக்கியே பழக்கம் விட்டுப்போச்சே அண்ணி என்றான் இன்னொருவன். அறுவடை வருகிற நேரம், பெரியதெருவைப் பகைத்துக்கொண்டு வேலைக்கு எங்கே போவது என்றான் உண்மையைச் சொல்லத் தெரிந்த ஒருவன். அவனுடைய அம்மாவும் நடந்துதான் போயிருந்தாள்.

“எங்க ஆத்தா நடக்கலையா? எல்லாரும்தான நடந்தாங்க. ஒம் புருசன் மட்டும் என்ன ஒசத்தி?”

பெரியதெருவில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் இருந்திருக்கும். அவள் திரும்பி வந்து, பழைய கூரை மூங்கிலை உருவித் தானே பாடை கட்டினாள். பெருவிரலோடு பெருவிரல் சேர்த்துக் கட்ட அவனுக்கு இன்னொரு கால் இல்லை, அதனால் இருந்த காலை மாட்டுக் கயிற்றால் மூங்கிலோடு சேர்த்துக் கட்டினாள், இடுப்பையும் மார்பையும் கட்டினாள். அவளோடு களை பறிக்கப் போகும் காத்தாயியும் இன்னும் இரண்டு பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். பெண்கள் பாடை தூக்குவதில்லை, சுடுகாட்டுக்குப் போவதில்லை. “பொணமே நடக்கயில பொம்பள தூக்குனா என்ன?” என்றாள் காத்தாயி. முன்பக்கத்து வலது தோளில் செங்கமலம் ஏந்திக்கொண்டாள்.

பெரியதெரு முனைக்கு அவர்கள் வருவதற்குள் அங்கே கூட்டம் கூடிவிட்டது, மயில் வளைவின் கீழே தலைவர் குடையோடு நின்றார். கீழத்தெரு ஆண்களும் வந்து தள்ளி நின்றார்கள். செங்கமலம் நிற்காமல் வளைவை நோக்கி வந்தாள். பாடையில் தங்கையன் அசையத் தொடங்கியிருந்தான், மூங்கில் நெறுநெறுத்தது, கயிறு விறைத்தது. “படுங்க. சும்மா படுங்க. நான் இருக்கேன்ல,” என்று அவள் தலையைத் திருப்பாமலே சொல்லிக்கொண்டு வந்தாள். கயிறு தாங்கியது. இன்னும் கொஞ்சம்தான், வளைவைத் தாண்டிவிட்டால் தார் ரோடு.

தலைவர் அவளைத் தாண்டிப் பாடையைப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தன் களத்தில் மூட்டை தூக்கியவனை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே, கோபமில்லாமல் கூப்பிட்டார்.

“தங்கையா. எறங்குடா.”

கயிறு அறுந்தது. அவன் புரண்டு இறங்கினான், ஒற்றைக் காலில் நின்றான், தள்ளாடி விழுந்தான், மறுபடி எழுந்தான், துண்டை அக்குளில் இடுக்கினான். பாடை பெண்களின் தோளிலிருந்து சரிந்து தரையில் கிடந்தது. செங்கமலம் அவன் கையைப் பிடித்துத் தார் ரோட்டுப் பக்கம் இழுத்தாள், வாங்க, நடந்தாவது இப்புடிப் போவோம், நடக்குறவங்கள யாரு தடுக்குறது என்று கெஞ்சினாள். உயிரோடு இருக்கும் அவள் பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தாள். அந்த ஒரு கால் வளைவுக்கு உள்ளே வர மறுத்தது. அவன் தலை குனிந்து, அவள் கையை விடுவதற்காகக் காத்து நின்றான். அவள் கடைசியில் அவன் அக்குளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தாள். இரண்டு பேரும் ரோட்டை விட்டு இறங்கி வெள்ளத்துக்குள் போனார்கள். நாலு தோள் கேட்டவனுக்கு ஒரு தோள்தான் கிடைத்தது. வாய்க்காலில் அவன் இரண்டு தடவை முழுகினான், அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள். விறகில் அவன் தானே ஏறிப் படுத்தான். கொள்ளியையும் அவள்தான் வைத்தாள்.

திரும்பி வந்தபோது பாடை அங்கேயே, வளைவுக்கு வெளியே மழையில் கிடந்தது. ஈரச் சேலையோடு அவள் அதன்மேல் படுத்தாள். காத்தாயி ஓடிவந்து எழுப்பினாள்.

“என்னத்துக்குக்கா இது? எந்திரி, வீட்டுக்குப் போவோம்.”

“தூக்குங்க,” என்றாள் செங்கமலம்.

அவ்வளவுதான். பிறகு யார் வந்து எதைக் கேட்டாலும் அதையே சொன்னாள். போலீஸ்காரர் வந்து, இது பொது வழி, எழுந்திருங்கள் என்றார். தாசில்தார் ஜீப்பில் வந்து கோரிக்கை என்னவென்று கேட்டார். குணசேகரன் வந்து, மெம்பரம்மா, அடுத்த கூட்டத்தில் பாதையை மறுபடியும் வைக்கலாம், இப்போது ஒரு வாய் கஞ்சி குடியுங்கள் என்றான். எல்லோருக்கும் தூக்குங்க என்றாள். கீழத்தெரு ஆண்களைப் பார்த்தும் சொன்னாள், பெரியதெரு ஆண்களைப் பார்த்தும் சொன்னாள், யாரைச் சொல்கிறாள் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாததால் ஒருவரும் குனியவில்லை. காத்தாயியும் மற்ற பெண்களும் மேலே ஒரு தார்ப்பாய் கட்டினார்கள். கஞ்சியை அவள் தொடவில்லை, காய்ச்சல் கண்டது. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. மினி பஸ் கொஞ்சம் ஒடித்துத் திரும்பியது, பிள்ளைகள் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள், பால்காரப் பையன் வண்டியை மெதுவாக ஓட்டினான். இவளுக்கு முன்கூட்டியே அவசரம் என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரிக்கவும் செய்தார்கள்.

மார்கழி பிறப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் அவள் இறந்தாள். செய்தி கேட்டதும் பெரியதெருவில் ஒரு நிம்மதி பரவியது, இனி எழுந்து போய்விடுவாள் அல்லவா. வயசான சிலர் பரிதாபப்பட்டார்கள்கூட. பெண்கள் அங்கேயே அவளைக் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, விரல்களை வழக்கப்படி கட்டிவிட்டு, தார்ப்பாயை அவிழ்த்து வழி விட்டு நின்றார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். விடிந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

ஊருக்குள் பிணம் கிடக்கும்போது கோயில் நடை திறக்கக் கூடாது. கீழத்தெருவுக்குள் பிணம் கிடந்தால் அது கணக்கில் இல்லை, அங்கே கிடப்பது கோயிலுக்குத் தெரியாது என்று பெரியவர்கள் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். இது வளைவுக்கு எதிரே கிடந்தது, நடையைத் திறந்தால் சாமிக்கு நேர் பார்வையில் கிடந்தது. மார்கழி முதல் நாள் பூசை இல்லை. பாட்டுப் போடவில்லை, பொங்கல் வைக்கவில்லை, பூசாரி குளித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். தலைவரை வீட்டில் போய் அழைத்து வந்தார்கள். அவர் வந்து நின்று கூப்பிட்டார்.

“செங்கமலம். எழுந்திரு.”

அவள் கிடந்தாள். “எழுந்திரும்மா,” என்றார். பிறகு, ஊரே பார்த்திருக்க, “மெம்பரம்மா, எழுந்திருங்க,” என்றார், அப்படி அவர் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. முகத்தில் ஈ உட்கார்ந்தது, அவள் கிடந்தாள். கீழத்தெருக்காரர்கள் செத்துக் கிடப்பதை அவர் வெகுகாலமாகப் பார்க்கவில்லை.

“வெள்ளம் வடியல. பெரியதெருவாலயே தூக்கிக்கிட்டுப் போயிருங்க. இன்னைக்கி மட்டும்,” என்றார் கீழத்தெரு ஆண்களிடம்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானம்வரை அப்படியே நின்றார்கள். அவளும் ஏதோ ஒரு சமயத்தில் எழுந்துவிடுவாள், தங்களைத் தப்பிக்க விட்டுவிடுவாள் என்று அப்போதும் உள்ளூர எதிர்பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். வாடை அடிக்கத் தொடங்கியது. அவள் இனி எழ மாட்டாள் என்பது தெரிந்த பிறகுதான், தன் அம்மாவும் நடந்துதான் போனாள் என்று சொன்னவன் முதலில் குனிந்தான். பிறகு மூன்று பேர் குனிந்தார்கள். பழக்கம் விட்டுப்போயிருந்ததால் உயரம் ஒத்துவரவில்லை, பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் கனமாக இருந்தாள். பட்டினி கிடந்து செத்தவள் இவ்வளவு கனப்பாள் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை. வளைவைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, கதவடைத்த வீடுகளுக்கு நடுவே, பாலத்தைத் தாண்டிச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். யாரும் பாட்டுப் பாடவில்லை, யாரும் தடுக்கவில்லை. அவர்கள் பாலத்தை எட்டுவதற்குள்ளேயே குடிநீர்த் தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பெரியதெருவைக் கழுவ ஆரம்பித்தார்கள், கோயில் மணி அடித்தது.

அன்றைக்கு மட்டும் என்றுதான் தலைவர் சொல்லியிருந்தார். அடுத்த மன்றக் கூட்டத்தில் அவள் இடம் காலி என்று பதிவு செய்தார்கள், தெருவிளக்கு பற்றிப் பேசினார்கள், பாதை பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

தை பிறந்து காத்தாயியின் மாமனார் அய்யாக்கண்ணு செத்தார். காலம் தவறிய மழை, வயலெல்லாம் மறுபடி தண்ணீர். விடியற்காலையில் அவரைக் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டு, எழுந்திருப்பார் என்று எல்லோரும் வாசலில் வழி விட்டு உட்கார்ந்தார்கள். நன்றாக விடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. காத்தாயி உள்ளே போய் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து, “மாமா எந்திரிக்க மாட்டாரு. மூங்கில் வெட்டுங்க,” என்றாள்.

பாடையைத் தூக்கிப் போய் வளைவுக்கு எதிரே சாமிக்கு நேராக வைத்தார்கள். தலைவருக்கு ஆள் போயிருக்கிறது. பூசாரி நடையைச் சாத்திவிட்டார். கீழத்தெரு முழுவதும் மழையில் பாடையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது, ஆண்கள் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தலைவர் இன்னும் வரவில்லை.